எஞ்சின் ரூம் பதில்கள்: கரையேறிய அகிஷியோ

போன இதழில், ஜப்பானின் குரே நகரத்தில் ரோட்டோரமாக நிற்கும் அகிஷியோ என்ற ஓய்வுபெற்ற நீர்மூழ்கிக் கப்பலுக்குள் நானும் என் மனைவியும் போய் வந்த கதையை ஒரு பக்கம் எழுதியிருந்தேன். சரக்குக் கப்பல்களில் முப்பது வருடம் டீசல் எஞ்சின்களோடு மல்லுக்கட்டியவன் என்பதால் இந்தப் பகுதிக்கு வழக்கமாக வருவது ஜெனரேட்டர் சந்தேகங்களும், கப்பல் வேலைக்கு என்ன படிக்கலாம் என்ற விசாரிப்புகளும்தான். இந்த முறை வந்த கடிதக் கட்டில் பாதிக்கு மேல் அகிஷியோ. சரி, இந்த இதழை அதற்கே கொடுத்துவிடலாம். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் கடற்படையில் இருந்தவன் அல்ல. ஒரு எஞ்சின்காரன் கண்ணுக்கு என்ன பட்டதோ அதைத்தான் எழுதுகிறேன்.

கேள்வி: "யூஷியோ வகுப்பைச் சேர்ந்தது" என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். வகுப்பு என்றால் என்ன? அகிஷியோவுக்கும் யூஷியோவுக்கும் என்ன உறவு? – கல்லூரி மாணவர் ஒருவர்

பதில்: அண்ணன் தம்பி உறவு. ஒரே வரைபடத்தை வைத்துக் கட்டப்படும் கப்பல்களை ஒரு வகுப்பு என்பார்கள். மூத்த கப்பலின் பெயரே வகுப்புக்கும் பெயராகிவிடும். மூத்தது யூஷியோ, 1980 பிப்ரவரியில் ஜப்பானியக் கடல்சார் தற்காப்புப் படையில் சேர்ந்தது. கடைக்குட்டி சச்சிஷியோ 1989-இல் வந்தது. மொத்தம் 10 கப்பல்கள். அகிஷியோ ஏழாவது, 1986 மார்ச்சில் சேர்ந்து 2004 மார்ச்சில் ஓய்வு பெற்றது. 2008-க்குள் பத்தும் சேவையிலிருந்து போய்விட்டன.

பத்தையும் கட்டியவர்கள் கோபே நகரத்தில் இருக்கும் இரண்டு கப்பல் கட்டும் தளத்துக்காரர்கள்: மிட்சுபிஷியும் கவாசாகியும். ஒன்று இவர், அடுத்தது அவர் என்று முறை வைத்து மாற்றி மாற்றிக் கட்டினார்கள். இந்த முறை வைக்கிற விஷயத்தை மறந்துவிடாதீர்கள், பின்னால் ஒரு கேள்விக்கு வேண்டியிருக்கிறது.

நீளம் 76 மீட்டர். நீருக்கு மேல் மிதக்கும்போது சுமார் 2,200 டன். உள்ளே 75 பேர். நான் வேலை பார்த்த சரக்குக் கப்பல்களோடு ஒப்பிட்டால் இது குட்டிதான். ஆனால் அந்தக் கப்பல்களில் நாங்கள் இருபத்தைந்து பேருக்கு மேல் இருந்ததில்லை, ஆளுக்கு ஒரு அறை வேறு. இங்கே இந்தக் குழாய்க்குள் எழுபத்தைந்து பேர்.

உடம்பின் வடிவம் கண்ணீர்த் துளி மாதிரி: முன்பக்கம் உருண்டு, பின்பக்கம் போகப்போகக் கூம்பிவிடும். ஜப்பானில் இந்த வடிவத்தை முதலில் கொண்டுவந்தது இதற்கு முந்தைய தலைமுறையான உசுஷியோ வகுப்பு, 1971-இல். யூஷியோ வகுப்பு அதையே கொஞ்சம் பெரிதாக்கி, இரும்பையும் உசத்திப் போட்டது. உசுஷியோவில் என்எஸ்63 என்ற எஃகு, யூஷியோவில் என்எஸ்80. அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு. ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டில் சுமார் 80 கிலோ பாரம் இழுத்தால்தான் அந்த எஃகு நிரந்தரமாக நெளியத் தொடங்கும். எஃகு உசந்தால் ஆழம் கூடும். எத்தனை மீட்டர் ஆழம் என்று எந்தக் கடற்படையும் வாய் திறக்காது.

கேள்வி: ஷியோ, ஷியோ என்று எல்லாப் பெயரும் ஒரே மாதிரி முடிகிறதே? – ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

பதில்: ஐயா, உங்களுக்குப் பிடித்த மாதிரியே பதில் இருக்கிறது. ஷியோ என்றால் நம்முடைய பழைய சொல்லில் ஓதம். கடல் ஏறி வற்றுவதையும் நீரோட்டத்தையும் சேர்த்துச் சொல்கிற சொல். யூஷியோ என்பது மாலை ஓதம். அகிஷியோ இலையுதிர்கால ஓதம், யுகிஷியோ பனி ஓதம், ஹமாஷியோ கடற்கரை ஓதம், சச்சிஷியோ நல்லூழ் ஓதம். போர்க்கருவிக்கு இப்படிப் பெயர் வைத்திருக்கிறார்களே என்று எனக்கும் ஆச்சரியம்தான். பல பத்தாண்டுகள் எல்லா நீர்மூழ்கிக்கும் இப்படித்தான் வைத்தார்கள். 2009-இல் வந்த சோர்யூ வகுப்பிலிருந்து டிராகன் பெயர்கள். 2022-இல் வந்த டைகேய் வகுப்பிலிருந்து திமிங்கிலம். ஓதமே அழகு என்பது என் கட்சி.

கேள்வி: டீசல் எஞ்சினுக்குக் காற்று வேண்டும். தண்ணீருக்கு அடியில் காற்று ஏது? ஐடிஐ-யில் டீசல் மெக்கானிக் படிக்கிற என் மகன் கேட்கிறான், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. – ஒரு தாய்

பதில்: உங்கள் மகனிடம் சொல்லுங்கள்: இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் அந்தக் கப்பலையே கட்டியிருக்கிறார்கள்.

டீசல்-எலெக்ட்ரிக் நீர்மூழ்கியில் டீசல் எஞ்சின் கப்பலைத் தள்ளுவதில்லை. ஜெனரேட்டரை ஓட்டி பாட்டரியை நிரப்புவதுதான் அதன் வேலை. கப்பலைத் தள்ளுகிற சுழலியைச் சுற்றுவது எலெக்ட்ரிக் மோட்டார். ஆழத்தில் இருக்கும்போது டீசல் தூங்கும், மோட்டார் பாட்டரியைத் தின்றுகொண்டே ஓடும். பாட்டரி இறங்கியதும் கப்பல் மேலே வரவேண்டும். முழுசாக வெளியே வந்தால் யார் கண்ணிலும் பட்டுவிடும். அதனால் பெரிஸ்கோப் மட்டும் எட்டுகிற ஆழத்தில் நின்றுகொண்டு, ஸ்நார்க்கல் என்ற குழாயைத் தண்ணீருக்கு மேலே நீட்டிக் காற்றை இழுக்கும். அப்போதுதான் டீசலைக் கிளப்புவார்கள்.

அந்தக் குழாயின் தலையில் ஒரு வால்வு இருக்கும். அலை வந்து மூடினால் வால்வு டப்பென்று அடைத்துக்கொள்ளும், தண்ணீர் உள்ளே வராது. ஆனால் எஞ்சின் நிற்காதே! அதற்கு வேண்டிய காற்றைக் கப்பலுக்குள்ளிருந்தே உறிஞ்ச ஆரம்பிக்கும். உள்ளே அழுத்தம் இறங்கும், எல்லோருடைய காதும் அடைக்கும். அலை விலகியதும் வால்வு திறக்கும், காது மறுபடி விட்டுக்கொள்ளும். கொந்தளிக்கிற கடலில் இது விடாமல் நடக்கும். குரேயில் எங்களுக்கு விளக்கம் சொன்ன பெரியவர் நீர்மூழ்கியில் வேலை பார்த்தவர். இந்த இடம் வந்ததும் வாயால் சொல்லாமல் இரண்டு காதையும் கையால் பொத்திப் பொத்தி எடுத்துக் காட்டினார். எனக்கு உடனே புரிந்தது. என் முதல் கப்பலில் ஒரு தடவை எஞ்சின் ரூம் காற்றாடிகள் நின்றுபோய், ஜெனரேட்டர்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. கதவைத் திறக்கப் போனேன், திறக்கவில்லை. எஞ்சின்கள் உள்ளே இருந்த காற்றைக் குடித்துவிட்டு, வெளிக் காற்று கதவை அழுத்திக்கொண்டிருந்தது. இரண்டு பேர் சேர்ந்து இழுத்தோம். அவ்வளவு பெரிய கூடத்துக்கே அந்த நிலை என்றால், குழாய்க்குள் அடைத்து வைத்த எஞ்சினைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

பாட்டரியும் சாதுவான பிராணி அல்ல. யூஷியோ வகுப்பில் இருந்தது ஈய-அமில பாட்டரி, கார் பாட்டரியின் பூத உருவம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு கிளம்பும், அது சேர்ந்துவிட்டால் ஒரு பொறி போதும். கடல்நீர் பாட்டரி அறைக்குள் புகுந்தால் குளோரின், மூச்சைப் பிடிக்கிற விஷவாயு. அதனால் நீர்மூழ்கியில் பாட்டரி அறைக்கு அவ்வளவு மரியாதை.

உங்கள் மகனுக்கு என் வருத்தத்தையும் சொல்லிவிடுங்கள். அகிஷியோவில் பொதுமக்களை எஞ்சின் பக்கம் விடுவதில்லை. படுக்கை, கழிப்பறை, கேப்டன் அறை, கட்டுப்பாட்டு அறை, பெரிஸ்கோப் எல்லாம் பார்க்கலாம். எந்த அறையைப் பார்க்க நான் அத்தனை தூரம் போனேனோ அந்த அறைக்குக் கதவு அடைப்பு.

கேள்வி: ஒரு முறை பாட்டரி நிரப்பினால் எவ்வளவு நேரம் மூழ்கியிருக்கலாம்? – பெயர் எழுத மறந்த வாசகர்

பதில்: எவ்வளவு வேகமாகப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நழுவுகிற பதில் அல்ல இது, கணக்கு அப்படி. தண்ணீருக்குள் வேகத்தை இரட்டிப்பாக்கினால் சக்தி எட்டு மடங்கு வேண்டும். யூஷியோ வகுப்பின் மோட்டார் 7,200 குதிரைத்திறன், நீருக்கடியில் முழு வேகம் 20 நாட், அதாவது மணிக்கு 37 கிலோமீட்டர். அதே கப்பல் 4 நாட்டில் ஊர்ந்தால்? வேகம் ஐந்தில் ஒன்று, சக்தி 125-இல் ஒன்று. 7,200-ஐ 125-ஆல் வகுத்துப் பாருங்கள், 58 குதிரைத்திறன்கூட வராது. இரண்டாயிரம் டன்னுக்கு மேற்பட்ட இரும்பை ஒரு சின்ன காரின் எஞ்சின் தள்ளுகிற கதை. விளக்கு, காற்றாடி, சமையல், சோனார் (கடலில் ஒலியைக் கேட்கும் கருவி) செலவெல்லாம் தனி. அதனால் முழு வேகத்தில் ஓடினால் பாட்டரி மணிக் கணக்கில் தீரும், ஊர்ந்தால் நாள் கணக்கில் வரும். டீசல் நீர்மூழ்கியின் கேப்டன் மாதக் கடைசியில் குடும்பம் நடத்துகிறவர் மாதிரி, எதற்கும் யோசித்துத்தான் செலவு செய்வார்.

இன்னொரு வேடிக்கை. இதே கப்பல் நீருக்கு மேலே 12 நாட்தான் ஓடும். அடியில் ஓட்டம், மேலே நடை. கண்ணீர்த் துளி வடிவம் மூழ்கி ஓடுவதற்காகச் செய்தது. மேலே வந்தால் அலையைக் கிளப்பிக் கிளப்பியே சக்தி வீணாகிவிடும்.

கேள்வி: அகிஷியோ 18 வயதிலேயே ஓய்வு பெற்றது என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் ஊர் பஸ்ஸே அதைவிட அதிக வருடம் ஓடுகிறது. அந்தக் கப்பலில் ஏதோ கோளாறு, மறைக்கிறார்கள் என்று நினைக்கிறேன். – பஸ் டிரைவர்

பதில்: இந்த முறை வந்ததில் எனக்கு மிகவும் பிடித்த கடிதம் இது. ஏனென்றால் நானும் அங்கே நின்று இதையேதான் யோசித்தேன். கோளாறு இல்லை. கணக்கு.

1976-இல் ஜப்பான் தன் பாதுகாப்புத் திட்டத்தை வகுத்தபோது நீர்மூழ்கிகள் 16 என்று ஒரு எண்ணை எழுதி வைத்தது. அந்த எண் முப்பது வருடத்துக்கு மேல் அசையவில்லை. இன்னொரு பக்கம், முன்பு சொன்ன முறை: கோபேயில் இரண்டு தளங்களும் மாறி மாறி, ஏறத்தாழ வருடத்துக்கு ஒன்று என்று புதுக் கப்பலைக் கட்டித் தள்ளிக்கொண்டே இருந்தன. வருடம் ஒன்று உள்ளே வருகிறது, மொத்தம் பதினாறைத் தாண்டக் கூடாது. அப்படியென்றால் வருடம் ஒன்று வெளியே போகவேண்டும். பதினாறு இருக்கை உள்ள பஸ்ஸில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒருவர் ஏறினால் ஒருவர் இறங்கித்தானே ஆகவேண்டும்? அதனால் யூஷியோ வகுப்புக் கப்பல்கள் 16, 17, 18 வயதில் படை வரிசையிலிருந்து இறங்கின. சில கப்பல்களுக்கு மட்டும் பயிற்சிக் கப்பல் என்ற வேலை கொடுத்து இன்னும் கொஞ்ச காலம் வைத்திருந்தார்கள்.

அப்படியானால் கட்டுவதை நிறுத்தலாமே என்பீர்கள். நிறுத்தினால் கப்பல் கட்டுகிறவன் கை மறந்துவிடும். நீர்மூழ்கியில் கடலின் அழுத்தத்தைத் தாங்குகிற உடம்பு வட்டத்திலிருந்து துளி விலகினாலும் ஆழத்தில் அந்த இடத்தில்தான் நசுங்கும். உசந்த எஃகைப் பற்றவைப்பது சாதாரண வெல்டிங் அல்ல. சூட்டைக் கொஞ்சம் தப்பாகக் கொடுத்தால், பார்க்க நன்றாக இருக்கிற இணைப்பு உள்ளுக்குள் விரிசல் விடும். என் வேலைக் காலத்தில் நல்ல வெல்டர் ஒருவர் விலகிப் போனால் கப்பலைத் தண்ணீரிலிருந்து எடுத்துப் பழுதுபார்க்கும் அடுத்த டிரை டாக் வரைக்கும் தலைமை எஞ்சினியருக்குத் தூக்கம் வராது. பத்து வருடம் கட்டாமல் இருந்துவிட்டு மறுபடி தொடங்கினால் ஆளையும் கையையும் புதிதாக உருவாக்க வேண்டும். ஜப்பான் அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டது. அதற்குக் கொடுத்த விலைதான் நல்ல நிலையில் இருந்த கப்பல்களை வீட்டுக்கு அனுப்பியது. வரி கட்டுகிறவனுக்கு இது லாபமா நட்டமா என்று என்னைக் கேட்டால், லாபம் என்பேன்.

கோளாறு இல்லை என்பதற்குச் சாட்சியும் இருக்கிறது. 2010 கடைசியில் ஜப்பான் அந்த 16-ஐ 22 ஆக உயர்த்தியது. வருடத்துக்கு இரண்டு கட்ட ஆரம்பித்ததா? இல்லை. வருடம் ஒன்று என்ற முறை அப்படியே இருந்தது. இருக்கிற கப்பல்களைச் சீர்செய்து இன்னும் சில வருடம் ஓட்டினார்கள். 2022 மார்ச்சில் டைகேய் சேர்ந்தபோது 22 நிறைந்தது. அதே தளங்கள் கட்டிய பிந்தைய தலைமுறைக் கப்பல்கள் இருபதைத் தாண்டி ஓடியபோது யூஷியோவால் மட்டும் முடிந்திருக்காதா? முடிந்திருக்கும். ஆயுசு இருந்தது, இடம் இல்லை.

கேள்வி: இந்த வகுப்புக் கப்பல் ஒன்று மீன்பிடிப் படகை மோதி மூழ்கடித்தது என்று சின்ன வயதில் செய்தி படித்த ஞாபகம். உண்மையா? – வங்கி ஊழியர்

பதில்: உண்மை. போன தடவை இடமில்லை என்று விட்டுவிட்டேன், விட்டிருக்கக் கூடாது.

1988 ஜூலை 23, சனிக்கிழமை பிற்பகல். வகுப்பின் ஐந்தாவது கப்பலான நடாஷியோ பயிற்சியை முடித்துக்கொண்டு, நீருக்கு மேலே மிதந்தபடி யொகோசுகா துறைமுகத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. எதிர்ப்பட்டது தைஇச்சி ஃபுஜி மாரு என்ற தூண்டில் சுற்றுலாப் படகு. உல்லாசமாக மீன் பிடிக்கப் போகிறவர்களும் படகுக்காரர்களுமாக அதில் 48 பேர். மோதிய சில நிமிடங்களில் படகு மூழ்கியது. 30 பேர் இறந்தார்கள்.

கடல் சாலை விதி எளிமையானது. இரண்டு கப்பல்கள் குறுக்கே வந்தால், எதிராளி உன் வலப்பக்கம் தெரிந்தால் நீ விலகு. மீன்பிடிப் படகு நடாஷியோவின் வலப்பக்கம் வந்தது. நீர்மூழ்கி விலகியிருக்க வேண்டும், விலகுவதற்குத் தாமதித்தது. படகின் பக்கமும் தவறு இருந்தது என்று விசாரணைகள் கூறின. யார் தவறு அதிகம் என்பதில் ஒவ்வொரு விசாரணையும் ஒவ்வொரு மாதிரி எடைபோட்டது. 1992-இல் யொகோஹாமா நீதிமன்றம் இரண்டு கப்பல் தலைவர்களையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்து, தண்டனையை நிறுத்திவைத்தது. அதற்கு முன்பே, விபத்து நடந்த அடுத்த மாதம், பாதுகாப்பு முகமையின் தலைவர் கவாரா ட்சுடோமு பதவி விலகியிருந்தார்.

மக்களுக்குக் கோபம் மோதியதில் மட்டும் இல்லை. தண்ணீரில் விழுந்தவர்களைக் காப்பாற்ற நீர்மூழ்கிக்காரர்கள் போதுமான அளவு முயலவில்லை என்று பேச்சு எழுந்தது. அப்புறம் கப்பலின் பயணக் குறிப்பேட்டைத் திருத்தி எழுதியிருந்ததும் வெளியே வந்தது. கப்பல்காரனாக எனக்கு இந்தக் கடைசி விஷயம்தான் ஆறவில்லை. அலையும் அவசரமும் யாரையும் தவறு செய்ய வைக்கும். குறிப்பேட்டில் கை வைப்பது வேறு ரகம். அதில் ஒரு எழுத்து தப்பாக விழுந்தால்கூட அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போடு, அழிக்காதே என்றுதான் முதல் நாளே எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். நீர்மூழ்கி மேலே மிதக்கும்போது அதன் உடம்பில் பெரும்பகுதி தண்ணீருக்குள்தான் இருக்கும். வெளியே தெரிவது கொஞ்சம் முதுகும் நடுவில் நிற்கிற கோபுரமும். பார்க்கிறவனுக்கு அது சின்னப் படகு மாதிரித் தெரியும். ஆனால் 2,000 டன்னுக்கு மேல், நினைத்த இடத்தில் நிற்காது.

நடாஷியோ 2001 வரை சேவையில் இருந்தது.

கேள்வி: உள்ளே எப்படி வாழ்ந்தார்கள்? சாப்பாடு? குளியல்? – இல்லத்தரசி

பதில்: இதற்கு என் மனைவிதான் பதில் சொல்லவேண்டும். அவள் அந்த மூன்றடுக்குப் படுக்கையைப் பார்த்ததும், "ரயிலில் ஒரு ராத்திரிக்கே முதுகு பிடித்துக்கொள்கிறது, இவர்கள் வாரக் கணக்கில் படுத்திருக்கிறார்களே" என்றாள். நடுப் படுக்கையில் ஒரு பக்கமாகப் படுத்தவன் மறுபக்கம் திரும்ப வேண்டுமென்றால் யோசித்துத்தான் திரும்பவேண்டும். நல்ல தண்ணீருக்குப் பஞ்சம், அதனால் குளியல் தினமும் கிடையாது. டீசல் வாடை துணியில், தலைமுடியில், பைக்குள் வைத்த புத்தகத்தில்கூட ஏறிவிடும். இதை எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. லீவில் வீட்டுக்கு வந்தால் என் பெட்டி இரண்டு நாள் மொட்டைமாடியில்தான் கிடக்கும்.

சூரியன் கிடையாது. வெளியே இரவு என்றால் கட்டுப்பாட்டு அறையில் சிவப்பு விளக்கு எரியும், பெரிஸ்கோப்பில் பார்க்கிறவரின் கண் இருட்டுக்குப் பழகியிருக்க வேண்டும் என்பதற்காக. கிழமை மறந்துபோகாமல் இருக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: வெள்ளிக்கிழமை கறி சோறு. ஜப்பானியக் கடற்படையின் கப்பல் எல்லாவற்றிலும் இந்தப் பழக்கம் உண்டு. கறி என்றால் நம்முடைய குழம்பு என்று நினைத்துவிடாதீர்கள். கெட்டியாக, கொஞ்சம் இனிப்பாக, சோற்றுக்குப் பக்கத்தில் ஊற்றித் தருவார்கள். ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு கைப்பக்குவம். குரே நகரத்தில் பல உணவகங்கள் இன்ன கப்பலின் கறி என்று பெயர் போட்டே விற்கின்றன. நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன். என் மனைவி ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொண்டு, உப்பு போதாது என்றாள்.

கேள்வி: பெண்கள் இந்த வகுப்புக் கப்பலில் வேலை பார்த்தார்களா? – பிளஸ் டூ மாணவி

பதில்: இல்லை. ஜப்பான் நீர்மூழ்கிகளில் பெண்களுக்கு இருந்த தடையை 2018-இல்தான் நீக்கியது. முதல் பெண் நீர்மூழ்கியாளர்கள் 2020-இல் வந்தார்கள். யூஷியோ வகுப்பு அதற்குப் பத்து வருடம் முன்பே முடிந்துவிட்டது. உனக்கு ஆசை இருந்தால் கணக்கையும் இயற்பியலையும் விடாதே.

கேள்வி: இவை எந்தப் போரிலாவது சுட்டிருக்கின்றனவா? – ஒரு வாசகர்

பதில்: இல்லை. கண்காணிப்பதே வேலை. பனிப்போர்க் காலத்தில் சோவியத் பசிபிக் கடற்படையின் முக்கியத் தளம் விளாதிவஸ்தோக். அங்கிருந்து பெருங்கடலுக்குப் போக ஜப்பானை ஒட்டிய சோயா, ட்சுகரு, ட்சுஷிமா நீரிணைகளில் ஒன்றைத் தாண்டியாக வேண்டும். அந்த வாசல்களில் சத்தம் போடாமல் காது கொடுத்துக் கிடப்பதற்கு டீசல் நீர்மூழ்கியைவிடப் பொருத்தமானது கிடையாது. அணுசக்திக் கப்பலில் உலையைக் குளிரவைக்கும் பம்புகளின் ஓசை இருக்கும். பாட்டரியில் ஓடுகிற கப்பலில் அது இல்லை. யூஷியோ வகுப்பின் மூக்குப் பகுதி முழுவதும் சோனார்தான், அதாவது காது. டார்பிடோக் குழாய்கள் ஆறையும் மூக்கிலிருந்து எடுத்து நடு உடம்புக்குத் தள்ளிவிட்டார்கள். ஐந்தாவது கப்பலான நடாஷியோ முதற்கொண்டு, கப்பல்களைத் தாக்கும் ஹார்பூன் ஏவுகணையையும் அதே குழாய்கள் வழியாக ஏவலாம்.

வரலாற்றில் ஒரு விசித்திரத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜப்பானிடம் நீர்மூழ்கியே இல்லாமல் போயிற்று. 1955-இல் அமெரிக்கா தன்னுடைய பழைய மிங்கோ என்ற நீர்மூழ்கியை இரவல் கொடுத்தது. ஜப்பான் அதற்குக் குரோஷியோ என்று பெயரிட்டு ஆட்களைப் பழக்கியது. அந்த மிங்கோ 1944 ஜூலையில் டமனாமி என்ற ஜப்பானியப் போர்க்கப்பலை மூழ்கடித்த அதே மிங்கோ. பதினொரு வருடத்தில் அதன் ஏணியில் ஜப்பானிய மாலுமிகள் இறங்கிப் பாடம் படித்தார்கள். 1960-இல் கோபேயில் கவாசாகி கட்டிய ஒயாஷியோ, போருக்குப் பின் அவர்கள் சொந்தமாகக் கட்டிய முதல் நீர்மூழ்கி.

கேள்வி: நல்ல நிலையில் இருந்த கப்பலை ஏன் வேறு நாட்டுக்கு விற்கவில்லை? – பழைய இரும்பு வியாபாரி

பதில்: உங்கள் தொழிலுக்குப் பொருத்தமான கேள்வி! சட்டதிட்டம் விடவில்லை. 1967-இல் பிரதமர் சட்டோ எய்சாக்கு காலத்தில் ஆயுத ஏற்றுமதிக்கு மூன்று கட்டுப்பாடுகள் வகுத்தார்கள். 1976-இல் அதை இறுக்கி, கிட்டத்தட்ட யாருக்கும் விற்பதில்லை என்று ஆக்கிவிட்டார்கள். 2014-இல்தான் தளர்த்தினார்கள், யூஷியோ வகுப்பு முடிந்து ஆறு வருடம் கழித்து. தளர்த்திய பிறகு ஆஸ்திரேலியாவுக்குப் புதுக் கப்பல்களை விற்க முயன்றார்கள். 2016-இல் ஆஸ்திரேலியா பிரெஞ்சுக்காரர்கள் பக்கம் போய்விட்டது. பிறகு அதையும் ரத்து செய்தது வேறு கதை. பழையவை உங்களைப் போன்றவர்கள் கைக்குத்தான் போய்ச் சேர்ந்தன. முழுசாகத் தப்பியது அகிஷியோ.

கேள்வி: அடுத்த வருடம் ஜப்பான் போகிறோம். அகிஷியோவைப் பார்க்க எப்படிப் போவது? – ஒரு தம்பதி

பதில்: ஹிரோஷிமாவிலிருந்து குரே ரயில் பாதையில் ஏறுங்கள், ஜன்னல் ஓரம் கடல் பக்கமாக உட்காருங்கள். குரே நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். வழி கேட்கத் தேவையில்லை, கட்டடங்களுக்கு நடுவே நீர்மூழ்கி தெரியும். 2006-இல் மிதக்கும் ராட்சத கிரேனில் தூக்கிக் கரையில் வைத்தார்கள். 2007 ஏப்ரலில் காட்சியகம் திறந்தது. ஊர்க்காரர்கள் இரும்புத் திமிங்கில இல்லம் என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. செவ்வாய்க்கிழமை போய்விடாதீர்கள், அன்று பொதுவாக விடுமுறை. நீர்மூழ்கிக்குப் போகிற வழியில் கண்ணிவெடி அகற்றும் வேலையைப் பற்றிய காட்சிகள். எல்லோரும் அவசரமாகத் தாண்டி நீர்மூழ்கிக்கு ஓடுகிறார்கள். போருக்குப் பின் ஜப்பானைச் சுற்றியிருந்த கடலைச் சுத்தம் செய்தவர்களின் கதை அது, நின்று பாருங்கள். எதிரே யமாட்டோ காட்சியகம். பத்தில் ஒரு பங்கு அளவில் செய்த யமாட்டோ போர்க்கப்பலின் மாதிரியே 26 மீட்டர். அந்தக் கப்பலைக் கட்டியதும் இதே குரேயில்தான்.

அகிஷியோவில் பெரிஸ்கோப்பை விடாதீர்கள். கண்ணாடியில் குரே துறைமுகம் தெரியும். எனக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடமே வரிசையில் நின்றது, இருந்தும் நான் உடனே நகரவில்லை. பிறகு அலெய் கரசுகோஜிமா என்ற கரையோரப் பூங்காவுக்குப் போங்கள். இப்போது சேவையில் இருக்கும் நீர்மூழ்கிகள் சாலையிலிருந்தே தெரியும். நாங்கள் போன அன்று மூன்று கிடந்தன. ஒன்றின் முதுகில் ஒருவர் குனிந்து எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் டீசல் ஓடுகிற சத்தம். எஞ்சின் ரூமைக் கண்ணால்தான் பார்க்க முடியவில்லை, காதாலாவது கேட்டோமே என்று கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். மூட்டு வலி உள்ளவர்கள் நல்ல செருப்பு போட்டுக்கொண்டு போகவும்.